விளிம்பைக் கவனிக்கவும்

அரிய பொருள் ஒன்று கைக்குக் கிடைத்தால் மனிதனுக்கு முதலில் வருவது அறிவு அல்ல, திமிர். அறிவு பிறகு வரும். அதுவும் நாலு பேர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வரும். எனக்கு அது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் வந்து சேர்ந்தது. கூடியிருந்தவர்கள் நாலு பேர் அல்ல, முந்நூறு பேர் இருப்பார்கள். அதில் முப்பது பேருக்கு மேல் என் மனைவியின் சொந்தக்காரர்கள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எண்பதுகளின் தொடக்கம். ஓமலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். மனைவி சரோஜா நாமக்கல்காரி. அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவர் கட்டிய பாடி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பத்து வருடம் போய் வந்தாலும் ஒரு பலகை ஆடாது, ஒரு போல்ட் முனகாது என்று பேர். மூத்த மகளை அவர் கொடுத்தது போர்வெல் வண்டிக்காரருக்கு. அந்த நல்லதம்பி, என் சகலை, ஆந்திரா முழுக்கக் குழாய்க் கிணறு தோண்டிவிட்டுப் பொங்கலுக்கு வருவார்.

மாமனார் வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "வாங்க மாப்ள" உண்டு, சொம்பில் தண்ணீர் உண்டு, நாட்டுக்கோழி உண்டு. ஆனால் பேச்சு மட்டும் சகலையோடுதான் நடக்கும். டீசல், டயர், கர்நூல் பக்கம் எத்தனை அடியில் தண்ணீர் என்று மணிக்கணக்கில் போகும். என் பக்கம் திரும்பினால் ஒரே கேள்வி: "பள்ளிக்கூடம் எப்பங்க மாப்ள லீவு?" (நான் லீவில் வந்து நாலு நாள் ஆகியிருந்தாலும் அதே கேள்விதான்.) இந்த மனிதரைப் பேசாமல் வாய் பிளக்க வைக்க வேண்டும் என்பது அந்த ஒன்றரை வருடமாக என் நெஞ்சில் இருந்த ஒரே வெறி.

அதற்கு வழி ஒரு பிஸ்கட் டப்பா வடிவத்தில் வந்தது. ஓமலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் பூர்வீகம் கெங்கவல்லி. மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது அந்த நாட்டுச் சில்லறையை ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தார்.

"நோட்டுன்னா பேங்குல மாத்திக் குடுக்கறான் சார், காசுன்னா வாணாங்கறான். நீங்க கணக்கு வாத்தியாராச்சே, வெச்சிக்கோங்க" என்று டப்பாவை என் தலையில் கட்டினார்.

பெரும்பாலும் ஐம்பது சென் நாணயங்கள். அங்கே உள்ள தமிழர்கள் அதை ஐம்பது காசு என்றுதான் சொல்வார்களாம். ஒரு காசின் இரண்டு முகத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். அதன் விளிம்பை, உருட்டிவிட்டால் தரையில் படுமே அந்த மெல்லிய சுற்றை, யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. இந்தக் காசில் அந்த இடத்தில் அந்த நாட்டு வங்கியின் பெயரைப் பொடி எழுத்தில் சுற்றிவரப் பதித்திருந்தார்கள். இரண்டு நாள் சாப்பாடு தண்ணி இறங்கவில்லை எனக்கு. பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை இரவல் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பத்திலேயே ஒரு முறை மூக்கு உடைந்தது. காசின் ஒரு முகத்தில் ஒரு கட்டடப் படம் இருந்தது. அது மேலே தெரியும்படி வைத்தால் சிலவற்றில் விளிம்பெழுத்து நேராக இருந்தது, சிலவற்றில் தலைகீழாக இருந்தது. தலைகீழாக இருந்ததெல்லாம் அச்சுப் பிழை என்று நானே முடிவு கட்டினேன். டப்பாவில் பாதி பிழை! உலகத்திலேயே அதிகப் பிழைக் காசு வைத்திருப்பவன் ஓமலூரில் இருக்கிறான் என்று மெட்ராஸில் இருந்த ஒரு மூத்த சேகரிப்பாளருக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினேன். பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. விளிம்பில் எழுத்துப் பதிக்கும்போது காசு எந்தப் பக்கமாக விழுந்தது என்று இயந்திரம் பார்ப்பதில்லை, ஆகவே நேராகவும் இருக்கும், தலைகீழாகவும் இருக்கும், அது பிழை அல்ல, ஆறு பக்கத்துக்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

ஆனால் அதே கார்டில்தான் நிஜமான பிழை எது என்றும் சொல்லியிருந்தார். எழுத்துப் பதியும் வேலைக்கே போகாமல் தப்பித்து வந்த காசு ஒன்று. இரண்டு முறை போய் எழுத்தின்மேல் எழுத்து ஏறிய காசு இன்னொன்று. பெயர் பாதியில் நின்றுபோன காசு மற்றொன்று. மறுபடி டப்பாவைக் கொட்டினேன். மூன்று மாதம் சலித்தேன். கடைசியில் ஐந்து கிடைத்தன. எழுத்தே இல்லாத வழவழ விளிம்போடு ஒன்று, இரட்டை எழுத்தோடு ஒன்று, பெயர் அறுந்துபோன காசுகள் மூன்று. அந்த வழவழ விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்த அன்று நான் வகுப்பில் பின்னக் கணக்கைச் சிரித்துக்கொண்டே நடத்தினேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் நாணயக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. பிழைக் காசுகளுக்கென்றே தனிப் பரிசு. சரோஜா இந்தச் செய்தியை நான் சொல்லுமுன் நாமக்கல் வரை பரப்பிவிட்டாள். அடுத்த முறை மாமனார் வீட்டுக்குப் போனபோது இலையில் உட்கார்ந்ததுமே அவர் ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்ள, காசுக்குப் பரிசு தாராங்களாமா? சரோசா சொல்லுச்சு."

"ஆமாங்க மாமா. பிழைக் காசுக்குங்க."

"பிழைன்னா எப்படிங்க? எங்க இருக்குது பிழை?"

இங்கேதான் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, 'விளிம்பில்' என்ற ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்றரை வருடமாக என்னிடம் லீவைப் பற்றி மட்டும் கேட்ட மனிதர் முதல் முறையாக வேறு கேள்வி கேட்கிறார். அந்தச் சுகத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"அதெல்லாம் ரொம்ப நுணுக்கமான விசயமுங்க மாமா. சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க" என்றேன்.

இலையில் எல்லோருடைய கையும் நின்றது. சரோஜா ரசம் ஊற்ற வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். சகலை நல்லதம்பிதான் இருமிக்கொண்டே, "வாத்தியாரு சொன்னா செரியாத்தானுங்க இருக்கும். பிழை கண்டுபுடிக்கறதுதான அவரு பொழப்பே" என்றார்.

மாமனார் கோபப்படவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எனக்குப் புரிய வேண்டாமுங்க. அதை எதுல வெச்சுக் காட்டுவீங்க?" என்றார்.

"ஒரு அட்டையில ஒட்டலாம்னு..."

"அட்டையா?" லாரிக்கு அட்டையில் பாடி கட்டச் சொன்னது போல அவர் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. "என்ற மாப்ள சேலத்துல போயி அட்டையில கடை போடறதா? பலகை நான் போட்டுத் தாரேனுங்க. அளவு மட்டும் குடுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று சாயந்திரமே ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தேன். ஐந்து பிழைக் காசு, ஒப்பிட்டுப் பார்க்கப் பிழையில்லாத காசு பதினான்கு, ஆக மொத்தம் பத்தொன்பது வட்டம். எந்த வட்டத்தில் எது என்று எண் போட்டு, கையோடு கொண்டுபோயிருந்த காசுகளையும் கொடுத்தேன். எதிரே பார்க்கிறவருக்கு முகம் தெரியும்படி வரிசையாக வட்டங்கள். விளிம்பு என்ற ஒன்று எப்படித் தெரியும் என்பது அந்தப் படத்தை வரைந்த கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை. அளவையும் நானே எழுதினேன். அவருக்கு மில்லிமீட்டர் வராது, இஞ்சும் நூலும்தான் வரும். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். காசின் குறுக்களவு ஓர் இஞ்சு முக்கால் நூல். நான் கூட்டிக் கழித்து வகுத்து, நேர்த்தியாக, 'ஓர் இஞ்சு அரை நூல்' என்று எழுதினேன். அந்தக் கால் நூல் எங்கே போனது என்று கேட்காதீர்கள். (பரீட்சையில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.)

கண்காட்சிக்கு முந்தின நாள் நாமக்கல் போனேன். பட்டறையில் தார்ப்பாயை விலக்கிப் பலகையைக் காட்டினார்கள்.

ஐந்தடி நீளம், மூன்றடி உயரம், வேங்கைப் பலகை. நாலு மூலைக்கும் இரும்பு ஆங்கிள், போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. தூக்குவதற்கு இரண்டு பக்கமும் சங்கிலி. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆள் மேலே இரண்டு மயிலும் நடுவில் தாமரையும் போட்டு, என் பெயரை லாரி நெற்றியில் எழுதுவது போல நிழல் கொடுத்து எழுதியிருந்தார். கீழே கைப்பழக்கத்தில் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதிவிட்டார். பத்தொன்பது காசும் பலகையோடு பலகையாக, மேடு பள்ளம் இல்லாமல் பதிந்திருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் வளையம். மேலே வார்னிஷ்.

"தட்டிப் பாருங்க மாப்ள" என்றார் மாமனார். தட்டினேன். "ஆட்டிப் பாருங்க." நாலு பேர் சேர்ந்து ஆட்டினார்கள். ஒரு காசு அசையவில்லை. "சேலம் ரோடு இருக்கற இருப்புக்கு நடுவழியில உழுந்துட்டா என்ன பண்றது? வச்சிரப் பசை போட்டு அடிச்சிருக்கேனுங்க. பலகை மக்கினாலும் காசு வராதுங்க!"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு பலகை இந்தியாவுலயே கிடையாதுங்க மாமா" என்றேன். அது உண்மைதான். விளிம்பில் இருக்கும் எழுத்துக்காகவே கண்காட்சிக்குப் போகும் காசுகளை விளிம்பு தெரியாமல் மரத்துக்குள் அடித்த பலகை இந்தியாவில் வேறு எங்கே இருக்கப் போகிறது?

மறுநாள் காலையில் புதிதாக பாடி கட்டி முடித்த லாரி ஒன்றில் பலகையை ஏற்றினோம். கூடவே சித்தப்பா, பெரியப்பா, அத்தை, பட்டறை ஆட்கள் என்று ஒட்டுக்காகச் சேர்ந்து முப்பது பேருக்கு மேல் ஏறினார்கள். புளிசாதம், பலகாரம், ஒரு குடம் தண்ணீர். கோயில் நோம்பிக்குப் போகிற மாதிரிதான். வழியில் நான் எழுதி வைத்திருந்த சீட்டுகளை சரோஜா பசை தடவிக் காசுகளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பிழைக் காசுக்கும் கீழே முத்து முத்தான எழுத்தில் 'விளிம்பைக் கவனிக்கவும்' என்று எழுதியிருந்தேன்.

மல்லூர் தாண்டும்போது அவள் கேட்டாள்: "ஏனுங்க, விளிம்பைக் கவனிக்கோணும்னு எழுதியிருக்கறீங்களே, எப்படிங்க கவனிக்கறது?"

"உனக்குப் புரியாது. பசையைச் சிந்தாமத் தடவு" என்றேன். இதை எழுதும்போது சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரியை விட்டுவிடாமல் எழுதச் சொல்கிறாள்.

மண்டபத்தில் எங்கள் பலகை நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்களுடையதெல்லாம் கைக்கடக்கமான கண்ணாடிப் பெட்டிகளும் ஆல்பங்களும். பக்கத்து மேசையில் ஒரு டாக்டரின் மனைவி, அச்சுப் பிசகிய நம் ஊர் ஐந்து பைசாக்களை ஒரு வெல்வெட் துணியில் சும்மா பரப்பி வைத்திருந்தார். அந்த அம்மாவைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. எங்கள் பலகையை நிறுத்த ஒரு சுவரே தேவைப்பட்டது. வந்தவர்கள் மயிலைப் பார்த்தார்கள், தாமரையைப் பார்த்தார்கள், 'ஒலி எழுப்பவும்' என்பதைப் பார்த்து "பாம் பாம்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில் பலகைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் போல நின்றார். "என்ற மாப்ளயோடதுங்க" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். நானும் கைகட்டி, தலையை லேசாகச் சாய்த்து, மேதாவிகள் எப்படி நிற்பார்கள் என்று நினைத்திருந்தேனோ அப்படி நின்றேன்.

பதினோரு மணிக்கு நடுவர் வந்தார். மெட்ராஸ்காரர். ஒல்லியான உடம்பு, கையில் வெள்ளைத் துணி உறை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் லென்ஸ். சீட்டுகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தார். 'எழுத்தே பதியாத விளிம்பு' என்ற சீட்டுக்கு வந்ததும் அவர் கண் விரிந்தது.

"அபூர்வமான விஷயமாச்சே. எங்கே, விளிம்பைக் காட்டுங்க."

காட்டுவதற்காகக் கையை நீட்டினேன். கை பலகையில் போய் நின்றது. காசின் முகம் என்னைப் பார்த்தது. அதைச் சுற்றி மஞ்சள் வளையம். வளையத்தைச் சுற்றி வேங்கை மரம். அந்தக் கணத்தில் எனக்கு அறிவு வந்தது.

"அது... உள்ளே இருக்குதுங்க சார்."

"வெளியே எடுங்க."

நகத்தால் நெம்பினேன். சரோஜா கொண்டை ஊசியைக் கொடுத்தாள், அது வளைந்தது. யாரோ பேனாக்கத்தி கொடுத்தார்கள், முனை உடைந்தது. மாமனார் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, நடுவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார்.

"அதெல்லாம் வராதுங்க" என்றார் பெருமையாக. "நான் அடிச்சா அடிச்சதுதானுங்க. பம்பாய் போயிட்டு வந்தாலும் அசையாது."

நடுவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுத்து இருக்கா இல்லையான்னு பார்க்காம நான் எப்படி சார் மார்க் போடறது?"

கூட்டத்தில் யாரோ, "மரத்துக்குள்ள இருக்கறதை யாரு கண்டா? என்ன வேணும்னாலும் எழுதி ஒட்டலாம்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மாமனார் முகம் சிவந்துவிட்டது. பலகைக்கு முன்னால் வந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அந்தப் பேச்சு மட்டும் வேண்டாமுங்க. என்ற மாப்ள பொய் சொல்ல மாட்டாரு. வாத்தியாருங்க அவரு!" பிறகு பட்டறை ஆட்கள் பக்கம் திரும்பி, "லாரியில ரம்பமும் உளியும் இருக்குது, எடுத்தாங்கடா" என்றார்.

பலகையை இரண்டு நாற்காலிமேல் படுக்கப் போட்டார்கள். பத்து நாள் ராப்பகலாகத் தன் கையாலேயே செய்த பலகையைத் தாமரைக்கு நடுவே அவரே அறுத்தார். ஒரு முறைகூடத் தயங்கவில்லை. மரத்தூள் நடுவரின் செருப்பில் கொட்டியது. எனக்கு அழுகை வந்தது. எனக்காக ஒருவர் இப்படி ஒன்றைச் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

முதல் காசு வெளியே வந்தது. நடுவர் வாங்கி விளிம்பை லென்ஸில் பார்த்தார். "அட! எழுத்தே இல்லை!" என்றார். எங்கள் கூட்டம் கைதட்டியது. பெரியப்பா ஒருவர் விசில் அடித்தார். சகலை நல்லதம்பி என் தோளைத் தட்டி, "சாதிச்சுப்போட்டீங்க சகல" என்றார். என் வாழ்க்கையின் உச்சம் அது. ஒன்றரை நிமிடம் இருந்திருக்கும்.

"அடுத்தது இரட்டை எழுத்து, இல்லையா?" என்று நடுவர் கை நீட்டினார். மாமனார் நெம்பிக் கொடுத்தார். நடுவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதிலும் எழுத்து இல்லையே."

மூன்றாவது வந்தது. எழுத்து இல்லை. நாலாவது, ஐந்தாவது. பிழையே இல்லாத சாதாரணக் காசு என்று நானே சீட்டு ஒட்டியிருந்த ஆறாவது, ஏழாவது. வழவழவென்று எண்ணெய் தடவின மாதிரி இருந்தது ஒவ்வொரு விளிம்பும். "பத்தொன்பதும் எழுத்தில்லாத அதிசயமா சார்?" என்று கேட்ட நடுவர் மறுபடி லென்ஸை வைத்தார். அவர் குரல் மாறியது. "இது சாணை பிடிச்ச கோடு. யாரோ தேய்ச்சிருக்காங்க."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து, விளிம்பு, சாணை என்று ஒவ்வொன்றாக அவருக்குள் கோத்துக்கொண்டு போவது அவர் முகத்திலேயே தெரிந்தது. என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் அப்போதே புரிந்துவிட்டது. நான் கொடுத்த அளவில் துளை போட்டிருக்கிறார். காசு நுழையவில்லை. கால் நூல் இடிக்கிறது. வேறு யார் கொடுத்த அளவாக இருந்தாலும் அளவு தப்பு என்று துளையைப் பெரிதாக்கியிருப்பார். அளவு கொடுத்தவன் கணக்கு வாத்தியார், அவருடைய மருமகன். அவன் அளவு தப்பாக இருக்க முடியாது, ஆகவே காசுதான் தப்பு. பத்தொன்பது காசையும் எமரிச் சாணைச் சக்கரத்தில் காட்டி என் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் உதடு அசைந்தது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், அந்தப் பெரிய மனிதர் தன் வாயால், 'நான்தானுங்க' என்று சொல்லப் போகிறார். அவருடைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார் தேய்ச்சேன்" என்றேன்.

"நீங்களா?"

"ஆமாங்க சார். பலகைக்குள்ள போகல. கொஞ்சம் தேய்ச்சாப் போகும்னு தோணுச்சு, தேய்ச்சுட்டேன்."

"விளிம்புல எழுத்து இருக்குன்னு தெரிஞ்சும் தேய்ச்சீங்களா?"

"அந்த நேரத்துக்கு ஞாபகம் வரலைங்க சார்."

நடுவர் லென்ஸைக் கீழே விட்டார். "எந்தப் பள்ளிக்கூடம் சார் நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்து அவர் தலையை ஆட்டியதை மண்டபமே பார்த்தது. பிறகு சிரிப்பு. அது அலை அலையாக எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. முதல் பரிசு வெல்வெட் துணி அம்மாவுக்குப் போனது. மூன்று மாதம் நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடிய ஐந்து காசும் போயே போய்விட்டன. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் குன்றிப்போய் நிற்கவில்லை. நிமிர்ந்துதான் நின்றேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்த மேடையிலும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

திரும்பும்போது மாமனார் என்னை லாரியின் முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொண்டலாம்பட்டி தாண்டியதும், "ஏனுங்க மாப்ள, அந்த விளிம்புல அப்படி என்னதானுங்க இருந்துச்சு?" என்றார்.

சொன்னேன். முகம் வேறு விளிம்பு வேறு என்பதிலிருந்து ஆரம்பித்து, எழுத்து எப்படிப் பதிகிறது, எப்படி விட்டுப்போகிறது, எப்படி இரண்டு முறை விழுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழ் எழுத்துக்காக ஆறு பக்கம் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னேன். அதற்கு வாய்விட்டுச் சிரித்தார். ராசிபுரம் வரும்போது இடையில் நிறுத்தி அவரே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். பெயர் பாதியில் நின்ற காசு எப்படி வந்திருக்கும் என்று எனக்கே தெரியாத ஒரு காரணத்தை, எழுத்துப் பதிக்கும் கட்டை வழுக்கியிருக்கும் என்று, பட்டறைக்காரரின் மூளையோடு சொன்னார். தபால் கார்டு போட்ட மெட்ராஸ் சேகரிப்பாளருக்கு அதை எழுதிக் கேட்டபோது இருக்கலாம் என்று பதில் வந்தது.

ஊர் நெருங்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "இதை மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமுங்களே."

"தப்புத்தானுங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு அவருடைய பட்டறையில் பாடி கட்டிய ஒவ்வொரு லாரியின் டிரைவருக்கும் ஒரு கட்டளை போனது. பம்பாய், கல்கத்தா, கொச்சி, எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் விளிம்பில் எழுத்து இருக்கும் வெளிநாட்டுக் காசு கண்ணில் பட்டால் வாங்கி வர வேண்டும், தேய்க்கக் கூடாது. அப்படி வந்து சேர்ந்தவைதான் இன்று என்னிடம் இருக்கும் சேகரிப்பில் பாதிக்கு மேல். லீவைப் பற்றிய கேள்வி நின்றுபோனது. நான் வாசலில் கால் வைத்ததும், "வாங்க மாப்ள, ஒரு காசு வந்திருக்குது, சித்தே பாருங்க" என்பார். சகலை டீசல் விலையைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார், பாவம்.

ஆனால் அந்தக் கதை மட்டும் என்னை விடவில்லை. எந்தக் கல்யாணத்திலும் யாராவது புது மனிதர் என்னைப் பார்த்து இவர் யார் என்று கேட்டால், மாமனார் முந்திக்கொண்டு சொல்வார்: "சொந்தக் காசைத் தானே எமரிவீல்ல காட்டுன வாத்தியாரு, கேள்விப்பட்டிருப்பீங்களே? அது என்ற மாப்ளதானுங்க!" முகத்தில் ஒரு துளி சங்கடம் இருக்காது. பந்தியே சிரிக்கும். நாமக்கல் முதல் ஆத்தூர் வரை சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், அவர்களுடைய பேரன் பேத்திகளும், நான்தான் தேய்த்தேன் என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் இதையே சொன்னார். அன்று பந்தி முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இப்ப நீங்களும் நானும்தான் இருக்கறோம். இப்பவாச்சும் உண்மையைச் சொல்லுங்க. தேய்ச்சது யாருங்க?"

"நீங்கதானுங்க."

"மாமா!"

அவர் என் தோளில் கை வைத்தார். "என்ற மாப்ள பொய் சொல்ல மாட்டாருன்னு நான் அத்தனை பேரு முன்னால சொன்னேனுங்க. அப்பறம்தான நீங்க தேய்ச்சேன்னு சொன்னீங்க? இப்பப் போயி நான்தான் தேய்ச்சேன்னு ஒத்துக்கிட்டா, என்ற மாப்ள பொய்யருன்னு ஆயிருமுங்களே. நான் இருக்கற வரைக்கும் அது நடக்காதுங்க சாமி" என்றார்.